உருண்டையில் பதிந்த விரல்கள்

கல்யாணமான மறுநாள், பட்டப்பகலில்தான் புருஷன் வீட்டுக்குள் கால் வைத்தேன். பேயாவது கீயாவது என்று எல்லாரையும் கேலி செய்தவள் நான். ஜன்னலே இல்லாத சமையலறைதான் கொஞ்சம் உறுத்தியது. கூரைத் தகரத்தின் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. தொட்டால் குட்டிக் குட்டி மணிகளாக உருண்டது.

என் கணவர் ஆற்றுமணல் அலசிப் பொன்துகள் எடுப்பவர். அந்த மணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் அது பொன்னைக் கவ்விக்கொள்ளும். துணியில் கட்டிப் பிழிந்தால், மிச்சப் பாதரசம் சொட்டுச் சொட்டாக வடிந்து, வெண்ணெய் மாதிரி ஒரு வெள்ளை உருண்டை நிற்கும். அதை வாணலியில் சுட்டால் பாதரசம் புகையாகிப் பொன் மிஞ்சும். பிழிவதும் சுடுவதும் என் வேலை.

"கதவச் சாத்திக்கோ. காத்துபட்டா பொன்னும் போயிடும். நான் வெளிய காவலுக்கு நிக்கிறேன்" என்றார்.

காவலாம்! நம்பினேன், மடச்சி.

பிழிந்தவள் விரல் உருண்டையில் பதியும். ஒருநாள் துணியைப் பிரித்தால், என் தடித்த விரல்களுக்குப் பக்கத்தில் ஒல்லியாக வேறு விரல்களின் தடம். பதறிப்போய்க் காட்டினேன்.

"நெருப்புல போட்டா எல்லாம் போயிடும். போடு" என்றார்.

நாளாக ஆக, செம்புக்காசைச் சப்பியது போல வாய் கசந்தது. கை நடுங்கியது. டம்ளரைத் தவறவிட்ட அன்று நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"மூத்தவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வயித்துப் பிள்ளையோட போய்ச் சேர்ந்தா. அந்தப் புகை விஷம்னு டாக்டர் சொன்னாரே, தம்பி சொல்லலையா?"

முதல் மனைவி காய்ச்சலில் செத்தாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அன்றும் துணியை நீட்டினார்.

"மாட்டேன். பிள்ளை செத்துடும்."

"பிள்ளை இன்னொண்ணு பெத்துக்கலாம்."

உள்ளே தள்ளி வெளித்தாழ்ப்பாளைப் போட்டார், பாவி. அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் ஒண்டினேன்.

சொட். சொட்.

இருட்டில் யாரோ பிழிகிறார்கள். துணியை நான் தொடவே இல்லை.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

வெளிச்சத்தில் துணி பிரிந்து கிடந்தது. உருண்டையில் ஒல்லி விரல்களுக்கு நடுவே, நெல்மணி அளவில் ஐந்து விரல்கள். அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டேன். வெளியே காவலுக்கு அவரைக் காணோம்; அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

ஓடியும் பிரயோஜனமில்லை. அடுத்த மாதம் வயிற்றில் அசைவு நின்றது. பெண் குழந்தை. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் அவர் வந்தார். அண்ணன் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உருண்டை எங்கடி?"

சமையலறையில் டப்பாவைத் திறந்தேன். அந்தச் சின்னக் கை அப்படியே இருந்தது. மறுபக்கத்தில் இன்னொரு சின்னக் கை.

என் மகளே!

"என்ன தடவிக்கிட்டிருக்க? நெருப்புல போட்டா எல்லாம் போயிடும்." பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளினார்.

கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

நான் தொடவில்லை.

உள்ளே அடுப்பு பற்றும் சத்தம். "ஏய், நான் பத்தவைக்கலடி! கதவத் திற!"

தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன். அதிசயம், கை நடுங்கவில்லை.

"காத்துபட்டா பொன்னு போயிடும்ங்க" என்றேன்.

வெகுநேரம் கழித்துத் தட்டும் சத்தம் ஓய்ந்தது. சொட், சொட் என்று யாரோ பிழிகிற சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.