தேதி முன்னே, மாதம் பின்னே

கோப்புறையில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்க வேண்டும். திரையின் அடியில் நாலாயிரத்து நூற்றுப் பதின்மூன்று என்று காட்டியது.

அவள் மூடித் திறந்து பார்த்தாள். அதே எண்தான். விடுமுறை நாள் மதியம், அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. ஏசி ஓடாததால் மூடிய ஜன்னல்களின் வெக்கையும் பழைய காகிதக் கட்டுகளின் புழுதியும் அறைக்குள் தேங்கிக் கிடக்க, அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனையும் மெல்லக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. நனைந்த சிமெண்ட். எங்கேயாவது பூச்சுவேலை நடக்கும் என்று விட்டுவிட்டாள். வந்ததே ஐந்து நிமிட வேலைக்குத்தான். ஒரு பட்டியலை அழிக்க வேண்டும்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கும் திட்டம் அது. ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்துப் படங்களை அனுப்புவார்கள். அவற்றை வருடம், மாதம், தேதி, இடம் என்று ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பல்பட்டு, சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதி ஒரே மூச்சில் மாற்றிவிட்டாள். கேமரா காட்டுகிறபடி எல்லோரும் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவர் மட்டும் தேதியை முன்னால் எழுதுவார்.

ஸ்கேல் அண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். சட்டைப்பையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும். விரிசலுக்குப் பக்கத்தில் அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டுதான் படமெடுப்பார். சுத்தியல் அடியில் கறுத்துப்போன அந்த நகம் எல்லாப் படத்திலும் ஓரமாகத் தெரியும். அவளைக் கண்டால், "நாலாயிரம் பிள்ளைக்குப் பேர் வெச்ச மகராசி வர்றா, வழி விடுங்கப்பா" என்று கேலி செய்வார்.

ஐந்தாம் மாதம் மூன்றாம் தேதி அவர் எடுத்த விரிசல், அவள் நிரலில் மூன்றாம் மாதம் ஐந்தாம் தேதி என்றாகிவிட்டது. நடுவில் நான்காம் மாதத்தில் எல்லா விரிசல்களையும் அடைத்திருந்தார்கள். அடைத்ததற்கு முந்தைய படம்தானே என்று அதை ஒருவரும் திறக்கவில்லை. ஒன்பது நாள் பொறுத்துவிட்டு, யாரையும் காணோமே என்று அவரே ஏணியோடு போயிருக்கிறார். அன்றைக்குத்தான் தொட்டி பிளந்தது.

"தேதியைத் தப்பாப் போட்டது யாரு?" என்று மேலதிகாரி கேட்டார்.

"அவர்தான் சார் பேர் வச்சு அனுப்பினாரு."

அது பாதி உண்மை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு நிம்மதியாக இறங்கவில்லை. செத்தவர் மேல் பழியைப் போட்டோம் என்று அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. பழைய பெயரையும் புதுப் பெயரையும் பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியல் ஒன்றுதான் மீதிப் பாதியைச் சொல்லும். நாளைக் காலையில் எல்லாவற்றையும் விசாரணைக்கு ஒப்படைக்க வேண்டும்.

அதிகமாக இருந்த அந்த ஒரு படத்தைத் தேடிப் பிடித்தாள். பெயரில் இன்றைய தேதி. தேதி முன்னே, மாதம் பின்னே.

திறந்தாள். ஒரு படிக்கட்டுச் சுவர். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். பக்கத்தில் எஃகு ஸ்கேல், அதன்மேல் கறுத்த நகம். பச்சைக் கைப்பிடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சற்றுமுன் அவள் ஏறிவந்த படிக்கட்டு.

அழித்தாள். எண்ணிக்கை குறையவில்லை. பதினான்கு ஆகியிருந்தது.

புதுப் படத்தில் அறைக்கு வெளியே உள்ள நடைபாதை. விரிசல் விரல் அகலம். சுவரில் ஈரம்.

கைப்பேசி அடித்தது. திரையில் 'அண்ணி' என்று வந்தது. ஸ்கேல் அண்ணனின் மனைவி.

"உன்கிட்டதான்மா கேக்க முடியும்," என்றாள் அண்ணி. அழுது ஓய்ந்த குரல். "அவரு தேதியைத் தப்பாப் போடுற ஆளே இல்ல. நான் காலண்டர் கிழிக்க மறந்தாலே சண்டைக்கு வருவாரு. அவராலதான் இப்படி ஆச்சுன்னு எம்பையன் காதுபடவே பேசுறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரா தப்பு பண்ணாரு?"

நடைபாதையில் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

சொல்லிவிடு என்றது மனசு. வாய் திறந்தது.

"அவர்தான் அண்ணி. அவர் வச்ச பேர்தான்."

அண்ணி வைத்துவிட்டாள்.

பட்டியலைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அழிந்தது. போய்விட்டது. அவ்வளவுதான்.

சொட்டும் சத்தம் நின்றது.

சிமெண்ட் வாசனை இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

பதினைந்து.

இந்தப் படத்தில் சுவர் இல்லை. ஒரு பெண்ணின் பின்கழுத்து. கூந்தலை ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். தலைமுடி முடியும் இடத்தில் தொடங்கி, முதுகை நோக்கி ஒரு கோடு. மயிரிழை அளவு. பக்கத்தில் ஸ்கேல். கறுத்த நகம்.

படத்துக்குப் பெயர் இல்லை. பெயர்ப் பெட்டி திறந்தே இருந்தது. உள்ளே கர்சர் மினுக்கியது. காத்திருந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்கழுத்தில் ஈரமான விரல்கள் கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கின. சில்லென்று எஃகு பதிந்தது. கட்டைவிரல் அதை நேராக வைத்து, அழுத்திப் பிடித்தது.