தட்டை போட்டான், உருண்டை வந்தது

சம்பவம் நடந்தபோது அந்த நீளக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் நால்வர். வாசல்பக்கம் போட்ட பெஞ்சில், கையில் ஏர் ரைபிளோடு உட்கார்ந்திருந்தவன் கிளார்க். அவனுக்கு இடப்பக்கம் சுவரோர முக்காலியில், ஒரு கண்ணில் லென்ஸும் மடியில் குண்டு டின்களுமாக வாட்ச்காரர். இருவருக்கும் பின்னால் கைவைத்த நாற்காலியில் பல் டாக்டர். கொட்டகையும் அவருடையது, பழைய ரைபிள்களும் அவருடையவை. மறுகோடியில், இலக்குப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்திய பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஸ்டூலில் கிளார்க்கின் அக்கா புருஷன். காகிதம் மாற்றுவது அவர் வேலை.

கிளார்க் இதைச் சொல்லச் சொல்ல, சர்வேயரம்மா மேசைமேல் நாலு காலி டம்ளர்களை அந்தந்த இடத்தில் நகர்த்தி வைத்தார். அவன் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து ஊறியவர். யார் அழுதாலும் முதலில் "எங்க உக்காந்திருந்தீங்க?" என்றுதான் கேட்பார். கேமராவைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற போட்டோக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"சுட்டது நீங்கதானே? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"நான்தான் சார். ஆனா காகிதத்தைத்தான் சுட்டேன். குண்டு அத்தான் கன்னத்துல, கண்ணுக்குக் கீழ போய் உக்காந்துடுச்சு. கண்ணு தப்பிச்சிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா..." கிளார்க் மறுகோடி டம்ளரைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். "நேத்து மதியானம் அத்தான் என்னைக் கிண்டல் பண்ணிட்டே இருந்தாரு. 'மாப்பிள்ளைக்கு யானையை நிறுத்தினாக்கூட அடிக்கத் தெரியாது'ன்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே, 'ஒரு நாள் உங்க வாயைப் பாத்துச் சுடறேன் அத்தான்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கொஞ்ச நேரத்துல இப்படி."

"விளையாட்டுப் பேச்சுதானே?"

"குண்டு விளையாட்டா இல்லையே மேடம். அப்போ நாங்க டெஸ்ட் பண்ணிட்டிருந்தது தட்டைத்தலைக் குண்டு. உருண்டைத்தலை டின்னை மூடி ஓரமா வச்சாச்சு. நான் போட்டது தட்டை, சத்தியமா. ஆஸ்பத்திரியில எடுத்தது உருண்டை. முன்கூட்டியே ஒண்ணை எடுத்துப் பையில ஒளிச்சு வச்சிருந்து சுட்டிருக்கேன்னு அத்தான் சொல்றாரு. அக்கா நம்பிட்டா. என் போனை எடுக்கவே மாட்டேங்கறா. சாயங்காலத்துக்குள்ள புகார்ல கையெழுத்துப் போடப் போறாளாம். வேலை போனாப் போகட்டும். அக்கா என்னைக் கொலைகாரன்னு நினைச்சா நான் எங்க போய் நிக்கறது?"

சர்வேயரம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலில் ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். உள்ளே ஈயக்குண்டு. போட்டோக்காரர் அதைப் பலமாகப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். தலை உருண்டைதான். ஆனால் உள்ளே குழிவாக இருக்கும் பின்பக்கத்தின் விளிம்பு, காது கிழிந்த வாளியைப் போல ஒருபக்கமாக மலர்ந்து கோணிக்கிடந்தது.

"எலும்புல மோதினதுல நசுங்கியிருக்கும்" என்றார் போட்டோக்காரர்.

"மோதினது முன்பக்கம். நசுங்கினது பின்பக்கம். நல்லாப் படம் எடுத்துக்கோங்க" என்றார் சர்வேயரம்மா. பிறகு கட்டிலில் கட்டோடு கிடந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: "தடுப்புக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தீங்களா?"

"பின்னாலதான்!"

"முழுசாவா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஓட்டை விழறதைப் பாக்கலாம்னு கொஞ்சம் எட்டிப் பாத்தேன். அது தப்பா? குழலை மடக்கின அப்புறம்தான் வெளிய வரணும்னு பல் டாக்டர் சொல்லுவாரு. நான் வரலையே, தலையைத்தானே நீட்டினேன்!"

படியிறங்கும்போதே போட்டோக்காரர் குதித்தார். "எனக்குப் புரிஞ்சிடுச்சு மேடம். வாட்ச்காரர்தான்! டின்னெல்லாம் அவர் மடியில. தட்டைக்குப் பதிலா உருண்டையை எடுத்துக் கையில குடுத்திருக்காரு."

"குடுத்தா, போடறவன் விரலுக்குத் தெரியாதா? அது சரி, அவருக்கு என்ன கோபம்?"

"அதை நீங்க கண்டுபிடிங்க. எல்லாத்தையும் நானே சொல்லிட்டா எப்படி?"

கொட்டகையில் பல் டாக்டரும் வாட்ச்காரரும் காத்திருந்தார்கள். டாக்டருக்கு நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "பாவம், சின்னப் பையன். ஏதோ ஆத்திரம். கேஸ் பெரிசாகாம நான் வேணா பேசிப் பாக்கறேன்" என்றார். கிளார்க் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

மேசைமேல் மூன்று ரைபிள்கள். தாத்தா காலத்துச் சரக்கு. குழலைக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் இறுகும், பின்துளையில் குண்டை வைத்து நிமிர்த்தினால் தயார். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருப்பதால் எந்தக் குண்டு எதற்குப் பொருந்தும் என்று கடைக்காரனாலும் சொல்ல முடியாது. ஒரு டின் வாங்கிச் சுட்டுப் பார்ப்பது, பிறகு அடுத்த டின். ஞாயிறு மதியங்களில் அவர்கள் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

"நேத்துச் சுட்டது எது?"

"நடுவுல இருக்கறது" என்றார் வாட்ச்காரர். "மூணுலயும் ரொம்பத் தேஞ்சது. அதுக்கு உருண்டை சரிப்படாது மேடம், துளைக்குள்ள தொளதொளன்னு இருக்கு. டாக்டர்தான் முதல்ல அதைச் சுட்டுப் பாத்தாரு. காகிதம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டை. வேண்டாம்னு மூடி வச்சுட்டு, தட்டை டின்னைத் திறந்தோம்."

"தட்டை இறுக்கமா?"

"கட்டைவிரலால அழுத்தினாத்தான் உள்ள போகும்."

"அவருக்குப் பட்ட அந்த ஒரு ஷாட், சத்தம் எப்படி இருந்தது?"

வாட்ச்காரர் யோசித்தார். "நல்ல கேள்வி. எப்பவும் 'டப்'னு இருக்கும். அது என்னவோ மூக்கைப் பொத்திக்கிட்டுத் தும்மின மாதிரி இருந்துச்சு. உள்ள காத்தைத் தள்ளற தோல் வாஷர் போயிடுச்சுன்னு நினைச்சேன். அதுக்குள்ள அங்க அலறல்."

போட்டோக்காரர் புருவத்தை உயர்த்தினார். சர்வேயரம்மா மறுகோடிக்கு நடந்து, இலக்குப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். மரப்பெட்டி நிறைய, ஜன்னல் கண்ணாடியை ஒட்டப் பூசும் புட்டிப் பசை. குண்டுகள் அதில் புதைந்து நிற்கும். அதன் முகத்தில் நேற்றைய காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது. தட்டைத்தலை, காகிதத்தைப் பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டும். அப்படி வெட்டிய ஓட்டைகள் நடுவில் கொத்தாக இருந்தன. ஒன்று மட்டும் தனியே, நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தது.

"இது யார் சுட்டது?"

"நான் அப்படிக் கீழ சுடல மேடம்" என்றான் கிளார்க் வாசலிலிருந்து. "எல்லாத்துக்கும் நடுவைத்தான் குறி வச்சேன். கடைசியா சுட்டதைப் பாக்கவே இல்ல, அத்தானைப் பாத்து ஓடினேன்."

"கத்தி குடுங்க."

கீழ் ஓட்டைக்கு நேராகப் புட்டியைத் தோண்டி ஒரு தட்டைக் குண்டை எடுத்தார். வாட்ச்காரரின் லென்ஸை வாங்கிப் பார்த்தார், போட்டோக்காரரிடம் கொடுத்தார். தட்டையான அந்த முகத்தில், ஈர டம்ளரை மேசையில் வைத்து எடுத்த தடம் போல மெல்லிய வளையம் ஒன்று பதிந்திருந்தது. கொத்துக்குப் பின்னாலிருந்து தோண்டிய மற்ற குண்டுகளின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"வாட்ச்காரரே, ஒரு டின் முடிஞ்சு அடுத்த டின் எடுக்கும்போது குழலைத் துடைப்பீங்களா?"

வாட்ச்காரர் சிரித்தே விட்டார். "துடைச்சா அன்னிக்கு டெஸ்ட் போச்சு! குழலுக்குள்ள ஈயம் லேசாப் படிஞ்சாத்தான் குண்டு ஒரே இடத்துல விழும். துடைச்சுட்டா மறுபடி படியற வரைக்கும் கண்ட இடத்துல அடிக்கும். எல்லா டெஸ்டும் முடிஞ்ச அப்புறம்தான் துடைப்போம். இது டாக்டர் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

"நேத்து டெஸ்ட் முடியல, இல்லையா?"

"எங்க முடிஞ்சது? அவரைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். இந்தத் தம்பியும் நானும்."

சர்வேயரம்மா ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கம்பியில் சுற்றி முதல் ரைபிளின் குழலுக்குள் விட்டு எடுத்தார். கரிக்கட்டை மாதிரி வந்தது. மூன்றாவதிலும் அப்படியே. நடுவிலிருந்த ரைபிளில் விட்டார். துணி எண்ணெய் வாசனையோடு வெள்ளையாகவே வெளியே வந்தது.

போட்டோக்காரர் வாட்ச்காரரைப் பார்த்தார். வாட்ச்காரர் கிளார்க்கைப் பார்த்தார். பிறகு, மெல்ல, எல்லாருமே டாக்டர் உட்கார்ந்திருந்த கைவைத்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

"இப்ப ஒண்ணு செஞ்சு காட்டறேன். எல்லாரும் பக்கத்துல வாங்க" என்றார் சர்வேயரம்மா. குழலை மடக்கி, பின்துளையில் ஓர் உருண்டைக் குண்டை வைத்தார். குழலின் வாய் தரையை நோக்கிச் சாய்ந்திருந்தது. குண்டு ஒரு நொடி நின்றது. பிறகு தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. வெளியே விழவும் இல்லை.

"முனையில கொஞ்சம் இறுக்கம் இருக்கு. அங்க போய் மாட்டிக்குது. இப்ப பின்துளையைப் பாருங்க."

போட்டோக்காரர் குனிந்தார். "காலி."

"ஆமா, காலி. குண்டு வச்ச மனுஷனை நடுவுல யாராவது கூப்பிடறாங்க. போயிட்டு வந்து பாக்கறாரு. காலி. 'அடடே, போடவே இல்ல போலிருக்கு'ன்னு நினைச்சு ரைபிளைக் கீழ வச்சுட்டு, இந்த டின் வேண்டாம், அடுத்தது எடுப்போம்கறாரு. அடுத்தவர் வந்து ஒரு தட்டையை அழுத்திப் போடறாரு. ஒரு ஷாட், ரெண்டு குண்டு. பாரம் கூடினதால சத்தம் அமுங்கிப் போச்சு. தட்டை வேகம் குறைஞ்சு கீழ இறங்கி அடிச்சுது. முன்னால மாட்டியிருந்த உருண்டையோட பின்விளிம்பைத் தட்டை முட்டித் தள்ளினதுல, விளிம்பு கோணி, தட்டை முகத்துல வளையம் பதிஞ்சுது. கோணின குண்டு நேரா போகாது. பக்கவாட்டுல விலகி, எட்டிப் பாத்த தலைக்குப் போச்சு." அவர் நிமிர்ந்தார். "உருண்டை டெஸ்ட்ல கடைசியா குண்டு போட்டது யாரு?"

"டாக்டர்" என்றார் வாட்ச்காரர், தனக்கே கேட்காத குரலில். "நடுவுல போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசிட்டு வந்தாரு."

டாக்டர் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டார். "ஞாபகமே இல்லம்மா. உண்மையாவே போடலைன்னுதான் நினைச்சேன். மறதி ஒரு குத்தமா?"

"மறந்தது குத்தம் இல்ல டாக்டர். துடைச்சது?"

டாக்டர் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"இவங்க அவரைத் தூக்கிக்கிட்டுப் போன அப்புறம் திடீர்னு சந்தேகம் வந்துச்சு. எண்ணெய்த் துணி சுத்தின கம்பியைக் குழலுக்குள்ள விட்டுப் பாத்தேன். அந்தக் குண்டு உள்ள இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இல்ல. அப்புறம் எடுத்தது உருண்டைன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து சொன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? போட்டதை மறந்துபோற டாக்டர்கிட்ட நாளைக்கு யார் வாயைத் திறப்பாங்க?"

"அதுக்காக என்னைக் கொலைகாரனா ஆக்கிட்டீங்களே சார்!" கிளார்க் இரண்டே எட்டில் நாற்காலிக்கு முன் வந்துவிட்டான். போட்டோக்காரர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாவம், சின்னப் பையன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தை எப்படி சார் வந்துச்சு உங்க வாயில?"

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நானே போன் பண்ணி உங்கக்காகிட்டச் சொல்லிடறேன்."

"அவங்க யார் போனையும் எடுக்கல. தவிர, போன்ல சொன்னது நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லலையே'ன்னு ஆயிடும். எழுதுங்க" என்றார் சர்வேயரம்மா.

டாக்டர் அலமாரியிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். சர்வேயரம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த, கிளினிக்கின் பேரும் பட்டமும் அச்சடித்த தாள்கட்டை அவர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதி முடிக்கும்வரை யாரும் உட்காரவில்லை. குண்டு போட்டது, போன் வந்தது, மறந்தது, துடைத்தது, வாயை மூடிக்கொண்டது எல்லாம் வரிசையாக வந்தன. ஓரிடத்தில் "தவறுதலாக" என்று எழுதி, அடித்து, "தெரிந்தே" என்று மாற்றினார். சர்வேயரம்மா ஒருமுறை படித்துவிட்டுத் தாளைக் கிளார்க்கிடம் நீட்டினார்.

"நீங்க ஏதாவது எழுதணுமா?"

அவன் பேனாவை வாங்கினான். என்னென்னவோ எழுத நினைத்தவனுக்கு வந்தது ஒரே வரிதான். "அக்கா, அத்தானுக்கு ராத்திரி தூக்கம் வந்ததா?"

டாக்டர் தாளை மடித்து உறைக்குள் வைத்து, பசையைத் தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். போட்டோக்காரர் அதைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"இவரு அக்கா புகார்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால குடுத்துடணும்" என்றார் சர்வேயரம்மா. "அவங்க கையிலயே."

"வாசல்ல விடலைன்னா?"

"கத்துங்க. அது உங்களுக்கு வராதா என்ன?"

ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.