நிமிர்த்திய மங்கு

கவிழ்ந்திருக்க வேண்டிய மங்கு நிமிர்ந்திருந்தது. அது சாம்பசிவம் செய்த வேலைதான். ஆனால் அதில் பால் எப்படி வந்தது?

மலாயாவில் கோத்தா திங்கிப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் மாசி பிறந்தால் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். தொரைமார் அதை ‘விண்டர்’ என்பார்கள். பால் வெட்டை நிறுத்தி, பால் பிடிக்கும் மங்குகளையெல்லாம் மரத்திலேயே கவிழ்த்துவிடுவார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவத்துக்கு அதுதான் படம் பிடிக்கும் காலம். மொட்டை மரங்களின் பெரிய காட்சி யாருக்கு வேண்டும்! நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு, பிளந்த கொட்டை ஓடு, வேரோரத்துக் காளான் என்று தேடித் தேடி, கேமராவைத் தரையோடு தாழ்த்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். நாலு நாளைக்கு முன் ஒரு மங்கை நிமிர்த்தி, ஆறு வயது மகள் பாக்கியத்தின் கையால் சிவந்த இலையொன்றை அதில் போடவைத்துப் படம் எடுத்தார்.

களையெடுக்க வந்த கருப்பாயி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஐயா, எலை கொட்டுறப்ப மங்க நிமித்தாதீங்க. வெட்டு தொடங்கிருச்சுன்னு நெனச்சு வந்துரும்.”

“எது வரும்?”

அவள் பாக்கியத்தைப் பார்த்தாள். திரும்பிக் களையெடுக்கப் போய்விட்டாள். சாம்பசிவம் சிரித்தார்.

மறுநாளே மங்கில் பால். மரத்தில் புதுக் கீறல் எதுவும் இல்லை. அழகாயிருந்தது, விடுவாரா? அதையும் படம் எடுத்தார். தினமும் பால் ஏறியது. தினமும் எடுத்தார். வீட்டில் பாக்கியம் படுக்கையை விட்டு எழவில்லை.

“இஞ்சருங்கோ, காய்ச்சலும் இல்லை. பிள்ளை ஏன் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு?” மனைவி கமலாம்பிகை அழுதாள்.

ஒரே பிள்ளை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்தால் பயம் கூடியது. படம் பதித்துக் கழுவி வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளை எடுத்துப்போய் முற்றத்து வெயிலில் அச்செடுத்தார்.

படத்தில் பால் கறுப்பாக இருந்தது.

முதல் படத்தை எடுத்துப் பார்த்தார். இலையும் கறுப்பு. அது சரி, அந்தத் தட்டுகளில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும்.

அப்படியென்றால் மங்கில் இருப்பதும் சிவப்பு.

ஐயோ!

ஓடினார். காலடியில் சருகு நொறுங்கியது. மங்கு நிறைந்திருந்தது. தொட்டார். வெதுவெதுப்பு. ரப்பர் பாலின் புளித்த வாடை இல்லை. பாக்கியத்தின் தலையில் தேய்க்கும் நல்லெண்ணெய் வாசம். மங்கைக் கவிழ்த்தார். பால் சருகில் கொட்டியது. வெள்ளையாகத்தான் கொட்டியது.

அப்போது கேட்டது. உளி பட்டையைச் சீவும் சத்தம். மரங்களிலிருந்து அல்ல. வீட்டுப் பக்கமிருந்து.

ஓடிவந்து பார்த்தால், பாக்கியம் குப்புறப் படுத்திருந்தாள். சட்டையை விலக்கினார்.

முதுகில் நாலு கீறல். காலையில் உடம்பு துடைத்துவிட்டபோது இல்லாதவை. இடமிருந்து வலமாகச் சரிந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக, அளவு பிசகாமல். அடியில், மரத்தில் பால் வழியச் செருகுவதுபோல், சின்னத் தகரத் துண்டு. அதன் நுனியில் வெள்ளையாய் ஒரு சொட்டு.

“அப்பா, கூசுது.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது கீறல் மெல்ல இறங்கத் தொடங்கியது.