காத்தவர் பாதம்

ரேவதியின் உள்ளங்காலில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. பிரித்து எடுத்தால் முழம் நீளம். அவளோ முடியைக் கழுத்தோடு வெட்டி, மாதம் தவறாமல் சாயம் பூசுகிறவள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கணவர் போனபின் ஏனாத்தூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு, காஞ்சிபுரத்தில் இந்தச் சின்னச் சிவன் கோயிலை ஒட்டிய வீட்டுக்கு வந்தாள். ராணி கொற்றமாதேவியைப் பற்றித் தொடர்கதை எழுதுவதாகச் சாக்கு. தனிமைக்கு ஒரு பெயர் வேண்டுமே.

கொற்றமாதேவி லேசுப்பட்டவள் அல்ல. புருஷன் போரில் செத்ததும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாட்டை ஆண்டவள். அவள் புருவம் நெரிந்தால் படைத்தலைவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பிள்ளை வளர்ந்து முடிசூடிய கையோடு அம்மாவை இங்கே கொண்டுவந்து விட்டான். பிறகு எட்டிப்பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. தினமும் யாராவது வரட்டும் என்றுதான் கோயில் மண்டபத்தில் விளக்கு வைத்தாள் என்று ரேவதி எழுதியிருந்தாள். மண்டபச் சுவரில் ராணியின் வாக்கு இன்னும் இருந்தது: 'இத்தர்மம் காத்தான் பாதம் என் தலைமேல்.' விளக்கைக் காப்பவரின் கால் என் தலைமேல் இருக்கட்டும் என்று அர்த்தம். கல்வெட்டுகளில் வழக்கமாக வருகிற பணிவுதானே என்று ரேவதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கேற்றும் மயில்வாகனம் மாகறலில் உள்ள மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, சாவியோடு நுனியில் திரி சுற்றிய நீள மூங்கில் கோலையும் அவளிடம் கொடுத்தார்.

"வாசப்படிலயே நின்னுக்கினு இதால ஏத்துங்கமா. உள்ள கால் வெக்காதீங்க."

"ஏன், முட்டி வலியா உங்களுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்பிடித்தான் ஏத்துவாரு."

சாமி விளக்கைத் தள்ளி நின்று கோலால் ஏற்ற ரேவதிக்கு மனசு வரவில்லை. உள்ளே போய்க் கையாலேயே ஏற்றினாள். முதல் நாள் கல்தரை சில்லென்று இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அவள் நிற்கும் இடம் மட்டும் வெதுவெதுத்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி. அப்புறம்தான் இந்த முடி. மறுநாள் ஒரு கொத்து. நல்லெண்ணெயும் வெட்டிவேரும் கலந்த வாடை. எத்தனை கழுவியும் காலை விட்டுப் போகவில்லை.

அன்று மாலை மகள் பிரியதர்ஷினி போன் செய்தாள்.

"காலைல கார் எடுத்துக்கினு வரேம்மா. இனிமே எங்களோடயே இரு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரேவதி காத்துக்கிடந்தாள். போனை வைத்துவிட்டு அழுதாள்.

இருட்டும் நேரம் மழை பிடித்தது. கரண்ட் போனது. எதிர்வீட்டுத் தறிச் சத்தமும் நின்றுவிட்டது. கோயிலுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் கடைசி நாளும் அதுவுமாக விளக்கை இருட்டில் விட அவளுக்கு மனமில்லை. தனியாக இருட்டில் கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

மண்டபத்தில் வௌவால் நாற்றத்தையும் மீறி வெட்டிவேர் மணத்தது. எண்ணெய் விட்டு ஏற்றினாள். சுடர் நிமிர்ந்தது. மரியாதைக்கு விளக்கிடம் சொல்லிக்கொண்டாள்.

"நான் நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

காலடியில் ஏதோ அசைந்தது.

கல் இல்லை. மெத்தென்றிருந்தது. முடி. முடிக்குக் கீழே சூடு. காலைத் தூக்கினாள். அதுவும் கூடவே உயர்ந்தது. பாதத்தில் முட்டியது, தடவிக்கொடுக்கச் சொல்லும் கன்றுக்குட்டியைப் போல.

ஓடினாள். வாசற்படியில் முடி. சேற்றில் முடி. வீட்டுத் தரையில் மிதித்த இடமெல்லாம் முடி. கட்டிலில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டாள்.

கண் மூடவில்லை. கீழே பார்க்கவும் இல்லை.

விடிந்தது. வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன்.

"அம்மா! கதவத் தெறம்மா!"

மகளின் குரல். பத்தடியில் கதவு. ரேவதி மெல்லக் காலைத் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

பாதத்துக்கு நேர் கீழே, தரையிலிருந்து நெற்றி வரை எழும்பியிருந்தது ஒரு நரைத்த தலை. வகிடு எடுத்து வாரியிருந்தது. சுற்றிலும் கிரீடம் அழுத்திய தழும்பு. அது இன்னும் கொஞ்சம் பணிந்து, காத்திருந்தது.