ஜேபஸ் தோண்டிய கிணறு

மெரின் காரைவிட்டு இறங்கியபோது அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் காற்று முகத்தில் அடித்தது. அடிலெய்டிலிருந்து வடக்கே நெடுந்தூரம். கோதுமை வயல்கள் முடிந்து, உவர்நிலப் புதர்களும் மெலிந்துபோன வெட்டவெளியில் கூரையில்லாத கல்வீடு ஒன்று நின்றது. அவளுடைய கொள்ளுத்தாத்தா ஜேபஸ் ட்ரெகில்காஸ் கட்டிய வீடு.

பெரும் வறட்சியில் மனைவி மக்களை விட்டுவிட்டு குவீன்ஸ்லாந்துக்கு ஓடிப்போனவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து மெரின் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். குவீன்ஸ்லாந்தில் எந்தக் கல்லறையிலும் அவர் பெயர் இல்லை.

நிலத்தின் இப்போதைய சொந்தக்காரர் கிளைவ் நோஸ்கே, வேலியோரம் நின்ற தன் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

"வீட்டை நல்லா சுத்திப் பாரும்மா. பின்னாடி ஒரு கல்லுக்குவியல் இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் போகாத."

"ஏன், பாம்பா?"

"பாம்புன்னா நானே அடிச்சிருப்பேனே."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவளால் போகாமல் இருக்க முடியவில்லை.

குவியலை நெருங்க நெருங்க ஈர மண் வாசனை வந்தது. மழையையே காணாத பூமி அது. ஈக்களின் இரைச்சல் சட்டென நின்றது.

டொக்.

கால்களுக்குக் கீழே, வெகு ஆழத்தில்.

டொக். டொக்.

சூட்டில் பாறை விரிகிறது என்று நினைத்தாள். குனிந்து ஒரு கல்லை எடுத்து, பாதி விளையாட்டாக, பாறைமேல் திருப்பித் தட்டினாள்.

சத்தம் நின்றது.

பிறகு வெறிபிடித்ததுபோல் தொடங்கியது. இடைவிடாத தட்டல். குவியலில் இருந்த சிறு கற்கள் குதித்தன.

அவள் ஓடிவந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கிளைவின் முகம் வெளுத்திருந்தது.

"பதிலுக்குத் தட்டினியா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஜேபஸ் எங்கயும் ஓடலம்மா. அது அவர் தோண்டின கிணறு. உள்ள இருக்கும்போதே சரிஞ்சிருச்சு. உன் தாத்தாவும் அவரு தம்பியும் தோண்டிப் பாத்திருக்காங்க. தோண்டத் தோண்ட சரிஞ்சுதாம். வீட்ல குடிக்கத் தண்ணி இல்ல, குதிரைங்க செத்துக்கிட்டிருக்கு. கீழ இருந்து தட்டிக்கிட்டே இருந்திருக்காரு."

"அப்புறம்?"

"சத்தம் தாங்க முடியாம கல்லைப் போட்டு மூடிட்டுக் கிளம்பிட்டாங்க. எங்க தாத்தாதான் கூட நின்னு கல்லு எடுத்துக் குடுத்தவரு."

மெரினுக்குத் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து வளர்ந்த நினைவு வந்தது.

"அவரை வெளிய எடுத்தே ஆகணும், கிளைவ்."

மறுவாரம் போலீஸ் முன்னிலையில் இயந்திரம் தோண்டியது. எலும்புகள் கிணற்றின் அடியில் கிடைக்கவில்லை. பக்கவாட்டில், மேல்நோக்கி, ஓர் ஆள் நீளத்துக்குக் குடைந்திருந்த பொந்தில் கிடைத்தன. விரல் எலும்புகள் சுத்தியலைப் பற்றியபடி இருந்தன. எத்தனை நாள் உயிரோடிருந்தார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் காலையிலேயே அடக்கம். பாதிரியார், கிளைவ், குழி வெட்டிய இருவர், மெரின். இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். பெட்டி இறங்கியது. முதல் மண் விழுந்தது.

டொக்.

பெட்டிக்குள்ளிருந்து.

குழிவெட்டியின் மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டொக். டொக். டொக்.

"என்ன செய்யட்டும், மேடம்?" என்றான் அவன், கிசுகிசுப்பாக.

உள்ளே இருப்பது எலும்புதான். அவளே பார்த்து, அவளே துணியில் சுற்றியது. நிறுத்தச் சொல்ல வாய் திறந்தாள்.

"மூடிருங்க," என்று வந்தது. "சீக்கிரம்."

பாதிரியார் ஜெபத்தை உரக்கச் சொன்னார். கிளைவும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். மெரின் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரித் தள்ளினாள்.

மேடாக மூடிய பிறகும் ஓயவில்லை. இப்போது அது அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே கேட்டது.

அவள் விலகி நடந்தாள்.

அதுவும் கூடவே நகர்ந்தது.