நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பிற்பகல் 3.30. காது பரிசோதனை நிலையத்தின் இரும்பு அலமாரி திறந்து கிடப்பதைப் பார்த்துத் துப்புரவு அக்கா அலறினார். மூன்று மணிக்குக்கூட உள்ளே இருந்த விலையுயர்ந்த மைக்கைக் காணவில்லை.

சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவர் ஐம்பத்தெட்டு வயது மானேஜர். இன்னொருத்தி, சேர்ந்து நாலே மாதமான டெக்னீஷியன். எல்லாக் கண்ணும் அவள்மேல்தான் விழுந்தது. வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம்.

4.10. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி.

“அப்படி என்னம்மா அந்த மைக்குல?”

டெக்னீஷியன் வலது காதைத் திருப்பினாள். “மன்னிச்சுக்குங்க மேடம், இடது காது கொஞ்சம் மந்தம். சின்ன வயசுல பக்கத்துலயே லாரி டயர் வெடிச்சிருச்சு.”

“காது டெஸ்ட் பண்றவளுக்கே காது மந்தமா! சரி, சொல்லு.”

“செகண்டுக்கு இருபது அதிர்வுக்குக் கீழ இருந்தா குற்றொலி. இருபதாயிரத்துக்கு மேல போனா மீயொலி. ரெண்டும் நம்ம காதுக்கு எட்டாது. நடுவுல உள்ளதுதான் நமக்குக் கேக்கும். அந்த மைக் மூணையும் பிடிக்கும் மேடம்.”

“மூணுலேர்ந்து மூணரை வரைக்கும் எங்க இருந்தே?”

“சத்தம் புகாத அறையில. மிஷின் சரியா இருக்கான்னு தினமும் என் காதை வச்சே சோதிப்பேன். அலறல் கேட்டதும் எல்லாரும் அலமாரிகிட்ட ஓடினோம். திரும்பி வந்தா, மிஷின் என் காதுக்குக் கோடு போட்டுத் தந்த சார்ட்டைக் காணோம்.”

“நல்லா நாள் பாத்துத்தான் காணாமப் போயிருக்கு!” மானேஜர் சிரித்தபடி ஒரு தாளை நீட்டினார். “அந்த அறையில இருந்தது நான் மேடம். இந்தாங்க என் சார்ட். 3.05லேர்ந்து 3.28. மிஷின்ல வேற டெஸ்ட்டே இல்ல.”

“நேரத்தை மாத்த முடியாது மேடம்,” என்றாள் டெக்னீஷியன். “பேரை மாத்தலாம்.”

இன்ஸ்பெக்டர் தாளை ஒருமுறை பார்த்து மடித்தார். “எனக்கும் ஒரு டெஸ்ட் போடும்மா.”

4.40. ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். “பன்னெண்டாயிரம் தாண்டினதும் மிஷின் ஊமையாயிருச்சே. கெட்டுப்போச்சா?”

“மிஷினுக்கு ஒண்ணுமில்ல மேடம்... வயசு ஏற ஏற மேல் பக்கத்துச் சத்தம் கேக்காமப் போயிரும்.”

“கெழவின்னு நாசூக்கா சொல்றே! போ, உன்னோட பழைய சார்ட்டெல்லாம் எடுத்துட்டு வா.”

5.05. மூவரும் ஜன்னலோரம் நின்றார்கள்.

“சார், பதினாறாயிரம்கூட உங்களுக்குத் தெளிவாக் கேட்டிருக்கே?”

“காதை நல்லா பாத்துக்குவேன் மேடம்.”

“அப்புறம் ஏன் இடது காதுல, நாலாயிரத்துல மட்டும் கோட்டுல ஒரு பள்ளம்? உங்க பக்கத்துலயும் டயர் வெடிச்சுச்சா?”

மானேஜர் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய நேற்றைய சார்ட்டின்மேல் அவர் கொடுத்த தாளை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. பள்ளமும் அதே இடத்தில்.

டெக்னீஷியன் கிட்ட வந்து பார்த்தாள். தினமும் அவள் கையாலேயே எடுத்து அடுக்கும் தாள்கள் அவை. இந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது!

“இது இவ காது சார். இவ உள்ளே சத்தம் கேட்டுக் கேட்டுப் பொத்தானை அமுக்கிட்டிருந்தப்போ நீங்க அலமாரியைத் திறந்தீங்க. எல்லாரும் அங்க ஓடினப்போ இங்க பேரை மாத்தினீங்க. உங்களைக் காப்பாத்திக்க எடுத்த தாளு இவளைக் காப்பாத்திருச்சு.” ஹெட்போனை நீட்டினார். “இல்லேன்னா உக்காருங்க. பதினாறாயிரத்தை வச்சுப் பாத்துரலாம்.”

மானேஜர் அதைத் தொடவில்லை. “மைக் என் வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு,” என்றார், தரையைப் பார்த்து.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் அவளைச் சுற்றி வந்து, வலது பக்கமாக நின்றுகொண்டார்.

“நாளைக்கு வேலைக்கு வந்துருவேல்ல?”