வந்துடுச்சா?

பழைய ரூட்டர் வெதுவெதுப்பாக இருந்தது.

அலமாரியின் அடித்தட்டில், உடைந்த குடைக்கும் எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்களுக்கும் நடுவில், மகள் போன பிறகு ஒருவர் கையும் படாமல் கிடந்த பெட்டி அது. தூசியை ஊதிவிட்டு, அவன் தன்னையறியாமல் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான், காய்ச்சல் நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல. வைத்த பிறகுதான் உறைத்தது. கையை எடுத்துக்கொண்டான். சுவருக்கு அந்தப்புறம் சமையலறை, அடுப்பின் சூடு இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

வெளியே மழை வரப்போகும் சாயங்காலம். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், பிறகு சமையலறை, அதைத் தாண்டி ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய நடை, அதன் கடைசியில் மகளின் அறை. கூடத்து மூலையில் இருக்கும் புது ரூட்டரிலிருந்து புறப்படும் சிக்னல் சமையலறைச் சுவரோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். மகள் இருந்தபோதும் அப்படித்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் அவளுக்குக் கார்ட்டூன் வேண்டும். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக இதே ரூட்டரைத் தூக்கிக்கொண்டு, வயர் எட்டும் வரை, ஸ்டூல் மேல், ஜன்னல் மேல், ஃப்ரிட்ஜ் மேல் என்று வைத்து வைத்துப் பார்ப்பான்.

"வந்துடுச்சா?" என்று இங்கிருந்து கத்துவான்.

"வரலை."

"இப்போ?"

"வரலைப்பா."

வந்த பிறகும் வரலை என்றுதான் சொல்வாள் அந்த வாண்டு. அப்பா திடுதிடுவென்று ஓடும் சத்தம் கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு குஷி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லும் அந்தக் குரலை வைத்துத்தான் அவன் குட்டை உடைப்பான். 'வந்துடுச்சா' என்ற வார்த்தையை மட்டும் அவளைப் பற்றிச் சொல்லிவிடக் கூடாது. படுக்கையில் விழும் முன்பு, பள்ளிக்கூட வேன் சத்தம் கேட்டு அவள் அம்மா உள்ளேயிருந்து "குழந்தை வந்துடுச்சா?" என்று கேட்டால் போதும், ஷூவைக் கழற்றும் முன்பே சண்டை. "நான் என்ன சிக்னலா? வந்துட்டாளான்னு கேளு."

இப்போது அந்த அறையில் மனைவி இருந்தாள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்றைக்கு அதில் போய்ப் படுத்தவள், அதற்குப் பிறகு வெளியே வருவது ஒன்றே ஒன்றுக்காகத்தான். மகளின் வீடியோக்கள் எல்லாம் இணையத்தில் இருந்தன. அவற்றைப் பார்க்க சிக்னல் வேண்டும், சிக்னலுக்குக் கூடத்துக்கு வரவேண்டும். வரும்போது அவன் டீ போட்டு வைப்பான். சர்க்கரை போதுமா என்பான். போதும் என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவன் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான், பழைய ரூட்டரைப் பாலம் மாதிரி வைத்துப் பின்னறைக்குச் சிக்னல் கொடுக்கலாமாமே என்று அவள் கேட்டபோது அவன் தட்டிக்கழிக்கப் பார்த்தான்.

"கூடத்துலயே உக்காந்து பாரேன்ம்மா."

"அவ படுத்திருந்த இடத்துல படுத்துக்கிட்டுப் பாக்கணும்ங்க."

கதவு அதற்கப்புறம் திறக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றான்.

இன்டர்நெட் இணைப்புக்காரர் போனில் வழி சொன்னார். பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் பழைய ஞாபகம் எல்லாம் போய்விடுமாம். "அப்புறம் புது ரூட்டர் பேரையும் பாஸ்வேர்டையும் இதுல அடிச்சிடுங்க சார். ஒண்ணு மட்டும் கவனம். ரெண்டும் ஒரே வீட்ல அதிகாரம் பண்ணக் கூடாது, மாமியார் மருமக கதையாயிடும். பழசோட அதிகாரத்தை ஆஃப் பண்ணிடுங்க. அது சும்மா பாலம். அந்தப் பக்கம் இருக்கறத இந்தப் பக்கம் கடத்தும், அவ்வளவுதான்."

"எதைக் கடத்தணும்னு நாம சொல்லணுமா?"

"பாலத்துக்கு எது ஏறி வருதுன்னு எப்படி சார் தெரியும்?" என்று அவர் சிரித்தார்.

விளக்குகள் அணைந்து மறுபடி எரியும் வரை அழுத்தினான். கேபிளை மடிக்கணினியில் செருகித் திறந்தான். ஞாபகம் எல்லாம் போயிருக்கவேண்டிய பெட்டி, திரையில் தன் பெயரை 'வாண்டு' என்று காட்டியது. மகள் வைத்த பெயர். குண்டூசியை எடுத்து மறுபடி அழுத்தினான். மறுபடியும் வாண்டு. பெயரில் என்ன இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாஸ்வேர்டை அடித்தான், அதிகாரத்தை ஆஃப் செய்தான், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு நடைக்கு வந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. நடையில் ஈரச் சுவர் வாசனையோடு இன்னொன்றும் இருந்தது. ஆரஞ்சு நிறக் காய்ச்சல் மருந்து, நெற்றியில் போட்டுப் போட்டுப் புளித்துப்போன ஈரத்துணி. அதையெல்லாம் என்றைக்கோ தூக்கிப் போட்டாயிற்று. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை. ஸ்டூலில் ரூட்டரை வைத்து, மூலையில் இருந்த பிளக் பாயிண்டைக் குனிந்து தேடும்போது, பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"வந்துடுச்சா?"

"வரலை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன குரல்.

அவன் குனிந்தபடியே நின்றான். வீடியோ. மனைவி போனிலேயே ஏதாவது ஒன்றைச் சேமித்து வைத்திருப்பாள், அதைப் போட்டிருக்கிறாள். வேறென்ன. கையில் அடாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் செருகவே இல்லை. ஆனால் அவன் விரல்கள் பச்சையாகத் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தான். ரூட்டரின் ஒற்றை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது, ஏதோ கடந்து போகும்போது சிமிட்டுவதுபோல.

"என்னங்க." மனைவியின் குரல். இத்தனை மாதங்களில் அந்தக் குரலில் இப்படி ஒரு மெதுமை இருந்ததில்லை. "கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்களேன்."

அவசரமாகச் செருகினான். செருகிவிட்டால் எல்லாம் முறையாகிவிடும் என்று தோன்றியது. மீதி விளக்குகளும் ஒவ்வொன்றாக எரிந்தன. ரூட்டரை இரண்டு கையாலும் தூக்கினான். சூடு உள்ளங்கையில் துடித்தது.

ஒரு அடி வைத்தான்.

"ஆங். இன்னும் கொஞ்சம்."

இன்னொரு அடி. தோளால் கதவைத் தள்ளினான்.

கடைக்கு வருபவர்கள் முகத்துக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்பவன் அவன். மங்கலான கண்ணுக்கு இருட்டு என்னென்ன உருவம் காட்டும் என்று தெரிந்தவன். முதலில் அப்படித்தான் நினைத்தான். கட்டிலில் மனைவி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாள். போன் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் கை தலையணை மேல் எதையோ கோதிக்கொண்டிருந்தது.

முடி. வகிடு. நெற்றி. புருவம்.

கண்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குக் கீழே எதுவும் இல்லை. தலையணை உறையின் பூக்கள்தான் தெரிந்தன. சிக்னல் போதாத படம் மேலிருந்து பாதி வந்து நின்றுவிடுமே, அதுபோல.

"முகம் இன்னும் முழுசா வரலைங்க," என்றாள் மனைவி. கன்னம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே, ஒன்றும் இல்லாத இடத்தில், அவள் விரல் தடவியது. "கை ஆடுதே உங்களுக்கு. ஆட்டாம புடிங்க."

வாயே இல்லை. அப்படியானால் வரலை என்று சொன்னது எது?

கையைக் கீழே இறக்கினான், ஒரு விரற்கடை. நெற்றி கலைந்தது. மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மருத்துவமனை வராந்தாவில் அவள் எழுப்பிய அதே சத்தம். அவனால் அதை இன்னொரு முறை கேட்க முடியாது. கையை உயர்த்தினான். நெற்றி சேர்ந்தது. அவள் சத்தம் நின்றது.

"வாங்க," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னும் ஒரே அடி."

வயர் இழுபட்டு விறைத்திருந்தது. இதற்கு மேல் போனால் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கட்டும். பிடுங்கினால் அணைந்துவிடும். அவன்மேல் தப்பில்லை. அவளும் எதுவும் சொல்லமாட்டாள்.

அடி எடுத்து வைத்தான்.

பின்னால் நடையில் பிளக் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

விளக்குகள் அணையவில்லை. சிமிட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு, ஒரே பச்சையாக எரிந்தன.

மூக்கு வந்தது. கன்னம் வந்தது. அந்தக் கன்னத்து மச்சம் வந்தது. பயமெல்லாம் எங்கோ போய், அந்த மச்சம் மட்டும்தான் இருந்தது உலகத்தில். எதை வேண்டுமானாலும் மறக்கலாம், இதை மட்டும் சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். அவளுக்குப் பிடித்த மாதிரி.

"வந்துட்டாளா?"

மனைவி குனிந்து நெற்றியில் முகம் பதித்திருந்தாள்.

கடைசியாக வாய் வந்தது. அவனைப் பார்த்துத் திறந்தது. மகளின் குரல்தான். அதே குரல்.

"வந்துடுச்சு."

மனைவி அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவன் ரூட்டரை ஏந்தியபடி, கை ஆடாமல் நின்றான்.